தோட்டத்தில் ஒரு மரத்திண்ணை

நமது சங்கக் குடும்பங்கள் பல இப்போது பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று மனை வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கின்றன. காலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் அவர்களில் அதிகம். கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் வீடு சம்பந்தமான சந்தேகங்களை என்னிடம் கேட்பார்கள். அண்மைக் காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது: "ஸார், தோட்டத்தில் மரத்தில் ஒரு டெக் போட வேண்டும். எப்படிப் போடுவது? எவ்வளவு மரம் பிடிக்கும்?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர்கள் கையில் வைத்திருக்கும் படங்கள் எல்லாம் குளிர்நாட்டுப் படங்கள். அங்கே வெயில் அபூர்வம். அதனால் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட்டு வெயில் காய்கிறார்கள். நம் பகுதியிலோ வெயிலுக்குப் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழை. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சராசரி சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போதாததற்குக் கறையான். ஆகவே படத்தைப் பார்த்து அப்படியே போட்டால் காசு கரையானுக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ரப்பர் மரக் கால்களை மண்ணில் குழி தோண்டி நட்டு, மேலே பலகை அடித்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு மூலை கீழே இறங்கிவிட்டது. அந்த நேரம் அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது ஆறுதல்.

டெக் என்பதை நான் மரத்திண்ணை என்றே சொல்லுவேன். திண்ணை நமக்குப் புதியதல்ல. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள், மரத்தூண்கள் மண்ணைத் தொடாமல் கல்லின் மேல் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தாலும் வீடு கட்டும் முறை இருபுறமும் ஒன்றாகத்தான் இருந்தது. வெட்டுக்கல் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் திண்ணை, வசதியுள்ள வீடுகளில் பூமுகத்தில் சாய்ந்து உட்காரச் சாருபடி. கான்கிரீட் வீடு வந்தபோது திண்ணை போய் சிட்-அவுட் வந்தது. அதிலும் இப்போது கம்பிக் கதவு போட்டு பைக் நிறுத்துகிறோம்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ நாம் கூட்டி வந்து வைத்திருக்கும் வயதான தாய் தந்தையருக்குத்தான். அவர்களுக்கு மலையாளம் சரளமாக வராது. பகல் முழுவதும் வீட்டில் வேறு ஆளில்லை. உட்கார்ந்து தெருவைப் பார்க்கவும், போகிறவர் வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் இடமில்லாமல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பொழுதைக் கழிக்கிறார்கள். திண்ணையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் மலையாளம் தானாக வந்துவிடும்! ஆகவே மரத்திண்ணை போடுவதென்றால் அதை அழகுக்கு என்று எண்ணாமல், வீட்டில் இருக்கும் ஆளுக்கு என்று எண்ணித் திட்டமிடுங்கள். என் ஆலோசனையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: மண்ணைக் கல் தொடட்டும், மனிதரை மரம் தொடட்டும். மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

இடம் பார்ப்பது

முதல் வேலை, நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி வருவது. மேல் மனையிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். நம் கிராமங்களில் மனைகள் பெரும்பாலும் சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக எடுத்தவை. தண்ணீர் வரும் வழியை மறித்துத் திண்ணை போட்டால் அது வீட்டு அஸ்திவாரத்துக்குத் திரும்பும். கால்களின் மேல் நிற்கும் மரத்திண்ணைக்குச் சரிவு ஒரு தடையல்ல. மண் நிரப்பவும் தடுப்புச் சுவர் கட்டவும் செலவு செய்யாமல், ஒரு பக்கத்துக் கால்களை உயரமாக வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, வெயில். மாலையில் உட்காருவதற்கு வீட்டின் கிழக்குப் பக்கமோ வடகிழக்கு மூலையோ நல்லது. பிற்பகல் வெயிலை வீடே மறைத்துவிடும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் இடவப்பாதிச் சாரலையும் பெருமளவு தடுக்கும். வடக்குப் பக்கம் என்றால் எப்போதும் நிழல் என்று நினைக்க வேண்டாம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு அருகில். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

மூன்றாவது, தலைக்கு மேல் பார்ப்பது. தென்னை மட்டை பதினைந்து அடி வரை நீளும். காய்க்கும் தென்னையின் கொண்டைக்கு நேர் கீழே ஒருபோதும் உட்காரும் இடம் வேண்டாம். பலாவுக்கும் இதுவே. அடர்ந்த நிழலில் இன்னொரு கெடுதல் உண்டு: பலகை காயாது, பாசி பிடிக்கும். கைத்தடி ஊன்றி நடப்பவருக்குப் பாசியைவிடப் பெரிய பகை இல்லை. காலை வெயில் இரண்டு மணி நேரமாவது விழும் இடமாகப் பாருங்கள்.

நான்காவது, செப்டிக் டாங்க் மூடி, தண்ணீர்க் குழாய், சாக்கடைத் தொட்டி இவற்றின் மேல் திண்ணையைப் போட்டு மறைக்காதீர்கள். என்றைக்காவது திறக்க வேண்டிவரும்.

மதிலுக்கு மேல் பார்வை

இப்போதைய வீடுகளில் மதில் ஐந்தடி இருக்கிறது. தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண் சுமார் 3¾ அடி முதல் 4 அடி உயரத்தில் இருக்கும்; மதிலைத்தான் பார்க்கலாம். திண்ணையை ஒன்றரை அடி உயர்த்தினால் கண் ஐந்தேகால், ஐந்தரை அடிக்கு வந்துவிடும். தெருவில் போகிறவர் முகம் தெரியும். இந்தச் சின்னக் கணக்கைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் உண்டு.

வீட்டுத் தளமும் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் இருக்கும். ஆகவே வீட்டுக் கதவிலிருந்து நேரே காலெடுத்து வைக்கும்படி, வீட்டுத் தளத்தைவிட ஓர் அங்குலம் மட்டும் தாழ்வாகத் திண்ணையை அமைத்தால் இரண்டு காரியமும் முடிந்தது. முதியவருக்குப் படி இல்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராது. சக்கர நாற்காலிக்கும் வசதி. தனியாகச் சாய்தளம் கட்டுவதென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி ஏறப் பதினெட்டடி. சிறு மனையில் அதற்கு ஏது இடம்?

தோட்டத்தில் இறங்க மறுபக்கம் படி வையுங்கள். ஒவ்வொரு படியும் ஆறு அங்குல உயரம், பன்னிரண்டு அங்குல அகலம். எல்லாப் படியும் ஒரே அளவு. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. திண்ணை இரண்டடிக்கு மேல் உயர்ந்தால் மூன்றடி உயரத்துக்குக் கைப்பிடி அடைப்பு கட்டாயம். குழந்தை தலையை நுழைத்துவிடாதபடி அடைப்புச் சட்டங்களுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை, நாற்காலியில் ஓர் ஆள் உட்கார மூன்றடிச் சதுரம், பின்னால் நடக்க மூன்றடி வழி என்று கணக்கிடுங்கள். நான்கைந்து பேர் உட்காரும் குடும்பத்துக்கு 12 அடிக்கு 10 அடி தாராளம். கட்டுவதற்கு முன்னால் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அதற்குள் நாற்காலிகளை வைத்து ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். காசில்லாத பரீட்சை இது.

கால்கள்

ஒன்றரை அடி ஆழம், பதினைந்து அங்குலச் சதுரக் குழி. அதில் ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற விகிதத்தில் கான்கிரீட். அதன் மேல் கருங்கல்லோ கான்கிரீட்டோ தரைமட்டத்துக்கு மேல் குறைந்தது ஆறு அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புப் பட்டையைக் கான்கிரீட்டில் பதித்து, மரக்காலை அதில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மரம் எந்த இடத்திலும் மண்ணைத் தொடக் கூடாது. கறையான் மண்ணிலிருந்து புற்றுக் குழாய் கட்டிக்கொண்டுதான் மேலே ஏறும். கல் வெளியே தெரிந்தால் அந்தக் குழாய் கண்ணில் படும், துடைப்பத்தாலேயே தட்டிவிடலாம். மருந்து ஊற்றிக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுப்பதைவிட இது மேல். வீட்டுச் சுவருக்கும் திண்ணைக்கும் நடுவே ஓரங்குல இடைவெளி விடுங்கள். சுவர் ஈரம் வாங்காது, கறையானுக்கும் பாலம் கிடைக்காது.

எந்த மரம்?

இங்கே மரக்கடையில் "காதல் உள்ள தடியா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். நாம் வைரம் என்று சொல்லும் உள்மரத்துக்கு மலையாளத்தில் காதல் என்று பெயர். வெளியே இருக்கும் வெளுத்த பகுதி வெள்ளை. மழையில் கிடக்கும் வேலைக்கு வெள்ளை உதவாது. எந்த உயர்ந்த மரமானாலும் சரி. தேக்கின் வெள்ளையையும் கறையான் தின்னும்.

நம் பகுதிக்கு ஏற்றது அயினி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி. வள்ளம் கட்டப் பயன்படும் மரம் என்பதே அதன் தகுதிக்குச் சான்று. தேக்கைவிட மலிவாகக் கிடைக்கும். தேக்கு சிறந்தது, விலையும் அப்படியே. பலாவும் நல்ல மரம்தான். ஆனால் முதிர்ந்த பலாத் தடி உள்ளே பொந்தாக இருக்கலாம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படும் அம்மச்சிப்பிலாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்த்தாண்ட வர்மா பகைவரிடமிருந்து தப்ப அந்தப் பலாவின் பொந்துக்குள்தான் ஒளிந்தார் என்பது வழிவழிச் செய்தி. ஆகவே அறுக்கும் முன் தடியின் இரண்டு முனையையும் பார்த்து வாங்குங்கள்.

ரப்பர் மரம் இங்கே மலிவு. வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு மருந்தேற்றிப் பயன்படுத்தலாம். மழையில் அந்த மருந்து கரைந்து போய்விடும். மாவுச்சத்து நிறைந்த மரமாதலால் பூஞ்சையும் வண்டும் விடாது. வெளியில் வேண்டவே வேண்டாம். தென்னையில் வயதான மரத்தின் அடிப்பகுதியில், வெளிவட்டம் மட்டுமே கெட்டி, நடுப்பகுதி சோறு. பனை, கூரைக்கு அடியில் நனையாமல் இருந்தால் தலைமுறைக்கும் நிற்கும். நனைந்து நனைந்து காயும் இடத்தில் அந்த வாக்குறுதி இல்லை.

எவ்வளவு மரம்?

12 அடிக்கு 10 அடித் திண்ணைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேலே 1¼ அங்குலக் கனப் பலகை: 120 சதுர அடியை 1¼ ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 12½ கன அடி. பலகைக்கு அடியில் 4 × 2 அங்குலக் குறுக்குச் சட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் பத்து, ஒவ்வொன்றும் பத்தடி. இது சுமார் 5½ கன அடி. அவற்றைத் தாங்க 4 × 4 அங்குல உத்திரம் மூன்று, ஐந்தடி இடைவெளியில், ஒவ்வொன்றும் பன்னிரண்டடி. இது 4 கன அடி. மொத்தம் 22. அறுப்புச் சேதத்துக்கு மூன்று சேர்த்து 25 கன அடி. உத்திரம் ஒவ்வொன்றுக்கும் நான்கடிக்கு ஒரு கால் வீதம் நான்கு. ஆகப் பன்னிரண்டு கால்கள். கால்களைக் கல்லாகவே உத்திரம் வரை உயர்த்திவிட்டால் அந்த மரமும் மிச்சம். உங்கள் ஊர் மில்லில் கன அடி விலையைக் கேட்டு இந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் நாற்பது கன அடி என்று சொன்னால் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிடும்.

பலகை அடிக்கும் முறை

அறுத்த பலகையை உடனே அடிக்கக் கூடாது. நிழலில், இடையிடையே குச்சி வைத்துக் காற்றுப் போகும்படி அடுக்கி இரண்டு மூன்று மாதமாவது காய வையுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் அறுத்து அடுக்கி, மார்ச்சில் வேலையை முடித்தால் கணக்கு சரியாக இருக்கும். அப்போது பலகை நன்றாகக் காய்ந்திருக்கும். ஜூன் மழையில் ஊதும். ஆகவே பலகைக்குப் பலகை ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழை நீர் அதன் வழியே கீழே போகும். கைத்தடியின் நுனி அதில் மாட்டாது. நான்கு, ஐந்து அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வேண்டாம், வளைந்துவிடும்.

ஆணி அடிக்காமல், துளை போட்டுத் திருகாணி முடுக்குங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி சற்று விலை கூடினாலும் வாங்குங்கள். பூவார், பொழியூர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று சாதாரணத் திருகாணியைச் சில வருடங்களில் தின்றுவிடும். அடியில் வரும் உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் வள்ளங்களுக்குப் பூசும் முந்திரித்தோட்டு எண்ணெய் பூசலாம். அது தோலைப் புண்ணாக்கும். கையுறை போட்டுப் பூச வேண்டும்; உட்காரும் பலகையில் பூசவே கூடாது.

திண்ணைக்கு அடியில்

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடியில் இருட்டும் ஈரமும் இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தண்ணீர் தேங்கினால் கொசு, அதோடு டெங்கு. ஆகவே அடித்தரையை ஐம்பது அடிக்கு ஓரடி வாட்டத்தில் வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சரித்து, மேலே ஜல்லி பரப்புங்கள். துடைப்பம் உள்ளே போகும் உயரம் விடுங்கள். பக்கங்களைச் சிறு கண் கம்பி வலையால் அடைத்து, கழற்றக்கூடியதாக வையுங்கள்.

கை இறுக்கமாக இருந்தால்

25 கன அடி மரம் எல்லோருக்கும் எட்டாது. அதற்காக மலிவு மரம் தேட வேண்டாம். மேடையை வெட்டுக்கல்லால் கட்டி, உள்ளே மண் நிரப்பி இடித்து, மேலே கான்கிரீட் போட்டுச் சொரசொரப்பான கல் பாவுங்கள். அதில் சுவரோரமாக ஒன்றரை அடி உயரத்தில், சாய்மானத்தோடு ஒரு சாருபடி மட்டும் அயினியில் செய்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு கன அடி மரத்தில் காரியம் முடியும். உண்மையைச் சொன்னால், நம் மழைக்கு இதுவே முழு மரத்தளத்தைவிட நீண்ட நாள் உழைக்கும்.

கூரை போடுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பாறசாலை போன்ற ஊர்களில் பஞ்சாயத்து அலுவலகம், நெய்யாற்றின்கரையில் நகராட்சி. இரண்டுக்கும் 2019ஆம் ஆண்டின் தனித்தனிக் கட்டட விதிகள் உள்ளன. எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தைப் பிறகு இடித்துக் கொடுப்பதைவிட முதலில் விட்டுவிடுவது லாபம்.

பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை ஈர்க்குமாறால் பெருக்குவது; மழைக்காலத்தில் பாசி தென்பட்ட அன்றே சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது; வருடம் ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்ததும், எல்லாத் திருகாணியையும் முடுக்கி, கற்கால்களில் கறையான் குழாய் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது.

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களை அறிந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்கள் குடியேறிய தெருக்கள் அவை. பாவைத் தெருவிலேயே நீளமாக விரித்துக் கஞ்சி தோய்ப்பது அவர்கள் வழக்கம். அது ஒரு வீட்டார் மட்டும் செய்யக்கூடிய வேலையல்ல. பல கைகள் சேர வேண்டும். வேற்று மண்ணில் இருநூறு ஆண்டுக்கு மேல் அவர்கள் ஒரு சமூகமாக வாழ்ந்ததில் அந்த வாசல் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நான் எண்ணுகிறேன். நாமும் இங்கே வந்து குடியேறியவர்கள்தான். மதிலுக்குள் முடங்கிவிட்டால் அண்டை அயலும் கிடையாது, நம்மவரும் கிடையாது.

ஆகவே அன்பர்களே, ஆசாரியையும் கொத்தனாரையும் அழைப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும்?" அவர் காட்டும் இடத்தில் தண்ணீர் தேங்காமலும், தென்னை தலைக்கு மேல் இல்லாமலும் இருந்தால், அங்கேயே சுண்ணாம்புக் கோட்டைப் போடுங்கள்.